ஒன்ராறியோவில் வேக டிக்கெட்: நீதிமன்றத்தில் எதிர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிக்கெட் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்குள் காசும் கட்டாமல் பதிலும் அனுப்பாமல் விட்டால், நீங்கள் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, உங்களைக் கேளாமலே குற்றவாளி என்று பதிந்துவிடுவார்கள். காசைக் கட்டினாலும் அதே முடிவுதான், ஏனென்றால் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். "நூற்றுச்சொச்சம் டொலர்தானே, கட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம்" என்று அன்றிரவே இணையத்தில் கட்டிவிடுகிறவர்களுக்கு, காப்புறுதி புதுப்பிக்கும் மாதத்தில்தான் உண்மையான விலை தெரியவரும்.

இங்கே பேசுவது பொலிஸ் அதிகாரி வீதியில் மறித்துக் கையில் தந்த டிக்கெட்டைப் பற்றி மட்டுமே. வேகக் கேமராக்கள் 2025 நவம்பரோடு ஒன்ராறியோவில் நிறுத்தப்பட்டுவிட்டன. 80 கி.மீ.க்குக் குறைந்த எல்லையுள்ள வீதியில் 40 கி.மீ.யோ அதற்கு மேலோ, மற்ற வீதிகளில் 50 கி.மீ.யோ அதற்கு மேலோ மிஞ்சி ஓடினால் 'ஸ்டண்ட் டிரைவிங்' குற்றச்சாட்டு வரும். அதில் அந்த இடத்திலேயே லைசன்ஸ் 30 நாளும் வாகனம் 14 நாளும் பறிபோகும். குற்றவாளி என்றால் அபராதம் 2,000 டொலரில்தான் தொடங்கும். அப்படியான வழக்கைத் தனியாக நடத்தப் பார்க்க வேண்டாம்.

எதிர்க்கத்தான் வேண்டுமா?

எல்லையை 15 கி.மீ. வரை மிஞ்சினால் டிமெரிட் புள்ளி (சாரதிப் பதிவில் ஏறும் தண்டனைப் புள்ளி) கிடையாது. 16 முதல் 29 வரை 3 புள்ளி, 30 முதல் 4, மேலே சொன்ன 'ஸ்டண்ட் டிரைவிங்' அளவை எட்டினால் 6. குற்றம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குப் புள்ளிகள் உங்கள் பெயரில் நிற்கும். முழு லைசன்ஸ் உள்ளவர்களுக்கு 15 புள்ளி சேர்ந்தால்தான் லைசன்ஸ் போகும், ஆகவே 3 புள்ளிக்குப் பெரிதாகப் பதற வேண்டியதில்லை. ஜி1, ஜி2 எனப்படும் புதுச் சாரதி லைசன்ஸ் வைத்திருப்பவர்களின் கதை வேறு. 4 புள்ளிக்குரிய ஒரே குற்றம் போதும், முதல் தடவையிலேயே 30 நாள் லைசன்ஸ் நிறுத்தம். 60 கி.மீ. எல்லையில் 91 ஓடிய ஜி2 சாரதி அந்த டிக்கெட்டைப் பேசாமல் கட்டினால், வேலைக்குப் போக வழியில்லாத ஒரு மாதத்தையும் சேர்த்து வாங்குகிறார்.

காப்புறுதிக்காரர் புள்ளியைப் பார்ப்பதில்லை. குற்றப்பதிவு உண்டா இல்லையா, அது எந்த வகை என்பதைத்தான் பார்ப்பார், வழக்கமாக மூன்று ஆண்டுக்கு. ஆகவே "புள்ளி இல்லாமல் குறைத்துத் தந்துவிட்டார்கள்" என்று சந்தோஷப்படுவதில் பாதிதான் நியாயம். 10 கி.மீ. மிஞ்சிய பதிவும் பதிவுதான். சுத்தமான பதிவு உள்ளவருக்கு ஒரு சிறிய வேகக் குற்றம் பல நிறுவனங்களில் பெரிதாக வலிக்காது. இரண்டாவது, மூன்றாவது வரும்போதுதான் கட்டணம் பாயும். பாடசாலை வலயத்தில் பிடிபட்டதைப் பல நிறுவனங்கள் கடுமையான வகையில் சேர்க்கின்றன. உங்கள் முகவரிடம் டிக்கெட் விவரத்தைச் சொல்லிக் கேட்கத் தயங்குகிறீர்களா? காப்புறுதி எண்ணைச் சொல்லாமல் வேறொரு தரகரிடம் பொதுவாக விசாரியுங்கள்.

அபராதக் கணக்கையும் தெரிந்து வைத்திருங்கள். நீதிமன்றம் போகாமல் கட்டினால், மிஞ்சிய ஒவ்வொரு கி.மீ.க்கும் 19 வரை 2.50 டொலர், 20 முதல் 29 வரை 3.75, 30 முதல் 49 வரை 6. 100 எல்லையில் 129 ஓடியவருக்கு 29 × 3.75 = 108.75. அதன் மேல் பாதிக்கப்பட்டோர் நிதிக்கான கூடுதல் கட்டணம் 25, நீதிமன்றச் செலவு 5, மொத்தம் 138.75. வழக்காடித் தோற்றால் அந்த விகிதம் 3, 4.50, 7 டொலராக ஏறும். வீதி வேலை நடக்கும் இடத்தில் வேலையாட்கள் இருக்கும்போதும், 'கம்யூனிட்டி சேஃப்டி சோன்' பலகை உள்ள இடத்திலும் இரட்டிப்பு.

டிக்கெட்டில் உள்ளது உங்கள் உண்மையான வேகமா?

பலர் அடிபடும் இடம் இது. 100 எல்லையில் அதிகாரி மறித்தவுடன், "135 வந்தீர்கள், 115 என்று எழுதுகிறேன், புள்ளி இல்லை" என்று சொல்லியிருப்பார். அது அவர் காட்டிய சலுகை. நீங்கள் வழக்கு விசாரணைக்குப் போனால் அந்தச் சலுகை உங்களோடு கூட வர வேண்டிய கட்டாயம் இல்லை. 2009 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் வின்லோ வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: விசாரணையில் அதிகாரியின் சாட்சியம் கூடுதல் வேகத்தைக் காட்டினால், வழக்குத்தொடுநர் குற்றச்சாட்டை அந்த வேகத்துக்குத் திருத்தக் கேட்கலாம். அப்படிக் கேட்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே உங்களுக்கு அறிவிக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 115 என்று எழுதிய டிக்கெட்டுக்குப் புள்ளி இல்லை, எல்லாம் சேர்த்து 52.50 டொலர். 135 ஆகத் திருத்தப்பட்டால் 4 புள்ளி, அபராதம் மட்டும் 245. குறைத்து எழுதிய டிக்கெட்டோடு "எதற்கும் ஒருக்கா முயன்று பார்ப்போமே" என்று விசாரணைக் கூண்டில் ஏறுவது நல்ல யோசனை அல்ல. அதற்காக விசாரணைக்குப் பதியவே கூடாது என்றில்லை. பதிந்து, ஆவணங்களை வாங்கிப் பார்த்து, வழக்கு பலவீனமாக இருந்தால் நடத்தலாம். பலமாக இருந்தால் தொடங்குமுன் எழுதப்பட்ட வேகத்துக்கே ஒப்புக்கொள்ளப் பேசலாம்.

பதில் அனுப்புதல்

டிக்கெட்டின் பின்பக்கத்தில் மூன்று தெரிவுகள் இருக்கும்: கட்டுவது, வழக்குத்தொடுநரைச் சந்திப்பது (ஏர்லி ரெசல்யூஷன்), விசாரணை கேட்பது. இந்தச் சந்திப்பு எல்லா நகராட்சியிலும் ஒரே மாதிரி இல்லை. உங்கள் டிக்கெட்டில் அச்சிட்ட நீதிமன்றம் எந்த வழியில் (நேரில், தபாலில், மின்னஞ்சலில், இணையத்தில்) பதிலை ஏற்கிறது என்று பின்பக்கத்திலேயே போட்டிருக்கும். ரொறன்ரோவில் வசித்தாலும் யோர்க் பிராந்தியத்தில் பிடிபட்டால் பதில் யோர்க்குக்குத்தான் போக வேண்டும்.

படிவத்தை நிரப்பும்போது இரண்டு விஷயங்களில் கவனம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்ற கட்டத்தை நிரப்புங்கள். நீதிமன்றமே இலவசமாக ஏற்பாடு செய்யும். கடையில், வேலையில் சமாளிக்கிற ஆங்கிலம் குறுக்கு விசாரணைக்குக் காணாது. மகனையோ மச்சானையோ கூட்டிக்கொண்டு போனால் அவர்களை மொழிபெயர்க்க விடமாட்டார்கள். இரண்டாவது, முகவரி. விசாரணை அறிவித்தல் டிக்கெட்டில் உள்ள முகவரிக்கே வரும். இடையில் வீடு மாறினால் லைசன்ஸில் மாற்றியது போதாது, நீதிமன்ற அலுவலகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். கடிதம் பழைய பேஸ்மன்ட் வீட்டுக்குப் போய், திகதி தவறி, குற்றவாளியாகி, அபராதம் கட்டப்படாமல் லைசன்ஸ் நிறுத்தப்பட்டு, அது தெரியாமலே ஓடிப் பிடிபடுவது அடிக்கடி நடக்கிறது. அந்தக் கடைசிக் குற்றம் வேக டிக்கெட்டைவிடப் பல மடங்கு பெரியது.

அனுப்பியதற்கு ஆதாரம் வைத்திருங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் முத்திரை, மின்னஞ்சல் என்றால் பதில் அஞ்சல்.

வழக்குத்தொடுநரைச் சந்திக்கும்போது

இது ஒரு பேரம், அவ்வளவுதான். பெரும்பாலும் தொலைபேசியிலோ ஸூமிலோ சில நிமிடத்தில் முடிந்துவிடும். அவர் முன்னால் உங்கள் டிக்கெட்டும் சாரதிப் பதிவும் இருக்கும். பதிவு சுத்தமாக இருந்தால் 29ஐ 15க்கு இறக்குவது போன்ற ஒரு சலுகை கிடைக்க வாய்ப்புண்டு. "என்ன தருகிறீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். ஏன் வேகமாகப் போனீர்கள் என்ற கதையைத் தொடங்க வேண்டாம், யாரும் கேட்கவில்லை. ஜி2 சாரதியோ, வாகனம் ஓட்டிப் பிழைப்பவரோ என்றால் அதை மட்டும் ஒரு வசனத்தில் சொல்லுங்கள், அது பேரத்தில் எடுபடும்.

ஒப்புக்கொண்டால் சமாதான நீதவான் முன்னால் அது பதியப்படும், வழக்கு முடிந்தது. ஒப்புக்கொள்ளாவிட்டால் விசாரணைக்குப் போகும். சந்திப்புக்கு வராமல் விட்டால் எதிர்க்கவில்லை என்று பதிந்துவிடுவார்கள். விசாரணைக்குத்தான் போகப்போகிறோம் என்று தீர்மானித்திருந்தாலும் அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

ஆவணங்களைக் கேட்டு வாங்குதல்

விசாரணைத் திகதி வந்தவுடன், வழக்குத்தொடுநரிடம் டிஸ்க்ளோஷர் கேளுங்கள். அரசுத் தரப்பிடம் உள்ள ஆதாரத்தைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் கேட்டால்தான் தருவார்கள். பெயர், குற்ற எண், விசாரணைத் திகதி, மின்னஞ்சல் ஆகியவற்றை எழுதி, கீழே இவற்றைக் கேளுங்கள்: அதிகாரியின் குறிப்புகள் (கையெழுத்து என்றால் விளங்கும்படி தட்டச்சுப் பிரதி), டிக்கெட்டின் அதிகாரப் பிரதி இருபுறமும், கருவியின் பெயர், மாதிரி, தொடர் எண், அந்தக் கருவியைச் சோதிப்பது பற்றிய கையேட்டுப் பக்கங்கள், அதிகாரியின் பயிற்சிப் பதிவு, கார்க் கேமரா அல்லது உடற்கேமராக் காணொளி இருந்தால் அதுவும்.

விசாரணைக்கு ஆறு, ஏழு கிழமைக்கு முன்னமே அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் மீண்டும் எழுத்தில் கேளுங்கள், இரண்டின் பிரதியையும் வைத்திருங்கள். விசாரணை நாள் வரை ஒன்றும் வரவில்லை என்றால் வழக்கு அப்படியே தள்ளுபடியாகும் என்று நினைக்காதீர்கள். முதல் தடவை பெரும்பாலும் தவணைதான் கிடைக்கும். ஆனால் "நான் இரண்டு தடவை கேட்டேன், இதோ" என்று காட்டினால் அந்தத் தாமதம் அரசுத் தரப்பின் கணக்கில் ஏறும். இது எங்கே உதவும் என்று பின்னால் வருகிறது.

அதிகாரியின் குறிப்பில் எதைத் தேடுவது

வழக்கு நிற்பதும் விழுவதும் இந்த ஒன்றிரண்டு பக்கத்தில்தான். இன்று பெரும்பாலான டிக்கெட்டுகள் லைடார் எனப்படும் லேசர் கருவியால் வருகின்றன. அந்தக் கருவியின் அளவீட்டை நீதிமன்றம் ஏற்க, அதிகாரி பயிற்சி பெற்றவர் என்பதும், உற்பத்தியாளர் சொன்னபடி சோதித்தார் என்பதும், கருவி சரியாக வேலை செய்தது என்பதும் சாட்சியத்தில் வர வேண்டும். லைடாரில் அந்தச் சோதனை வழக்கமாக நான்கு பகுதி: கருவி தன்னைத்தானே சோதிப்பது, திரையின் எல்லாப் பிரிவும் எரிகிறதா என்பது, குறிபார்க்கும் புள்ளியும் லேசர்க் கதிரும் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு கம்பத்தின் மேல் குறுக்காகவும் நெடுக்காகவும் நகர்த்திப் பார்ப்பது, முன்பே அளந்து வைத்த தூரத்தைக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்பது. ராடார் என்றால் இசைக்கவைச் சோதனை வரும். சோதனை வழக்கமாகப் பணி தொடக்கத்திலும் முடிவிலும் நடக்கும்.

குறிப்பில் "06:10 சோதித்தேன், சரி" என்று ஒரு வரி மட்டும் இருந்தால் கேட்க நிறைய இருக்கிறது. எந்தச் சோதனை? எந்தக் கையேட்டின்படி? தூரத்தை எங்கே அளந்தீர்கள்? பணிமுடிவுச் சோதனை ஏன் குறிப்பில் இல்லை? டிக்கெட்டில் உள்ள தொடர் எண்ணும் குறிப்பில் உள்ளதும் ஒன்றுதானா? அதிகாரிக்கு அந்த நாள் சொந்தமாக ஞாபகமா, அல்லது குறிப்பை மட்டும் வாசிக்கிறாரா? ஒரு வருடத்துக்கு முந்திய காலை ஒன்றை, அன்றே நிறுத்திய மற்ற வாகனங்களோடு சேர்த்து, யாராலும் நன்றாக நினைவில் வைக்க முடியாது. குறிப்பில் இல்லாத ஒன்றை அவர் விசாரணையில் புதிதாகச் சொன்னால், "இது உங்கள் குறிப்பில் எந்த வரியில் இருக்கிறது?" என்ற ஒரே கேள்வி போதும்.

வாகன அடையாளமும் முக்கியம். எந்த லேன், எத்தனை மீட்டர் தூரத்தில் அளந்தார், அளந்ததிலிருந்து மறிக்கும்வரை வாகனம் கண்ணைவிட்டு மறைந்ததா என்று பாருங்கள். லேசர்க் கதிர் 300 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமே விரியும். ஆகவே காலியான வீதியில் "பக்கத்துக் காரின் வேகம் என்மேல் விழுந்துவிட்டது" என்பது எடுபடாது. நெரிசலில், தூரம் அதிகமாக இருந்தால் கேட்கலாம். "அதிகாரி சாய்கோணத்தில் நின்று அளந்தார், அதனால் பிழை" என்பதை விட்டுவிடுங்கள். கோணம் கூடக் கூடக் கருவி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். அந்த வாதம் உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும்.

தாமதம்

கனடாவின் உரிமைகள், சுதந்திரங்கள் சாசனத்தின் 11(பி) பிரிவு நியாயமான காலத்துக்குள் விசாரணை பெறும் உரிமையைத் தருகிறது. 2016 இல் உச்ச நீதிமன்றம் ஜோர்டன் வழக்கில் மாகாண நீதிமன்றங்களுக்கு 18 மாத எல்லை வைத்தது. நீங்கள் கேட்ட தவணைகள் கழிக்கப்படும், அதனால் தேவையில்லாமல் தவணை கேட்காதீர்கள். எல்லை தாண்டியிருந்தால் வழக்கை நிறுத்தக் கேட்கலாம், ஆனால் விசாரணை நாளில் வாயால் சொன்னால் போதாது. அரசமைப்புக் கேள்வி அறிவித்தலைக் குறைந்தது 15 நாள் முன்னதாக மாகாண, மத்திய சட்டமா அதிபர்களுக்கும் வழக்குத்தொடுநருக்கும் அனுப்பி, நீதிமன்றத்திலும் பதிய வேண்டும். தவணைகளின் பதிவெழுத்துப் பிரதிகளும் தேவைப்படலாம். இந்த ஒரு வேலைக்காக மட்டும் பராலீகல் (இப்படியான சிறு வழக்குகளில் வாதாட உரிமம் உள்ளவர்) ஒருவரைப் பிடிப்பது காசுக்குப் பெறுமதி. அவர் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்றவரா என்று சங்கத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தட்டிப் பாருங்கள். "கட்டாயம் வென்று தருவேன்" என்கிறவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

விசாரணை நாள்

அரை மணி முன்னதாகப் போங்கள், அல்லது ஸூமில் இணையுங்கள். திரையில் உங்கள் முழுப் பெயர் தெரிய வேண்டும். வாகனம் ஓட்டிக்கொண்டே வேக வழக்குக்கு இணைவது எவ்வளவு அறிவீனம் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் நடக்கிறது. நீதவானை 'யுவர் வொர்ஷிப்' என்று விளியுங்கள்.

அதிகாரி வரமாட்டார் என்ற நம்பிக்கையில் மட்டும் போகாதீர்கள். ஒரே அதிகாரியின் வழக்குகளை ஒரே நாளில் சேர்த்துப் போடுவது வழக்கம், அவர் காணொளியிலும் வரலாம். உண்மையிலேயே வராவிட்டால் வழக்குத்தொடுநர் மீளப் பெறலாம், அல்லது தவணை கேட்கலாம். தவணை கேட்டால் நீங்கள் தயாராக வந்திருப்பதைச் சொல்லி எதிருங்கள்.

டிக்கெட்டில் குறை இருந்தால், குற்றவாளியா இல்லையா என்று பதில் சொல்லுமுன் எழுப்ப வேண்டும். பெயரில் ஒரு எழுத்துப் பிழை, காரின் நிறம் பிழை என்பவை வழக்கை விழுத்தாது, நீதவான் திருத்திவிடுவார். பிறகு பதில்: குற்றவாளி, அல்லது குற்றவாளி அல்ல. 'விளக்கத்தோடு குற்றவாளி' என்று தனியான ஒரு பதில் இல்லை, அது குற்றவாளிதான்.

அதிகாரி சாட்சி சொல்லும்போது குறுக்கிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். திகதி, இடம், எல்லை, வேகம், கருவிச் சோதனை, சாரதி நீங்கள்தான் என்று அடையாளம் கண்டது ஆகிய ஆறும் வந்தனவா என்று ஒரு தாளில் அடையாளமிடுங்கள். குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வியில் ஒரு விஷயம் மட்டும். அவரோடு வாதாட வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். சோதனை பற்றிச் சொல்ல அவர் மறந்துவிட்டார் என்றால் நீங்களாக அதைக் கேட்டு ஓட்டையை அடைத்துக் கொடுக்காதீர்கள். பேசாமல் இருந்து, அரசுத் தரப்பு முடிந்தவுடன் "தேவையான ஆதாரம் வரவில்லை, வழக்கைத் தள்ளுபடி செய்யுங்கள்" என்று கேளுங்கள்.

அது மறுக்கப்பட்டால், நீங்கள் சாட்சி சொல்வதா என்று முடிவு செய்ய வேண்டும். கட்டாயம் இல்லை. ஏறினால் வழக்குத்தொடுநர் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள்?" என்பதாகவே இருக்கும். "110 இருக்கும்" என்று சொன்னால் 100 எல்லையில் குற்றத்தை உங்கள் வாயாலேயே நிரூபித்தாயிற்று. வேகக் குற்றம் முழுப்பொறுப்புக் குற்றம். ஏன் ஓடினீர்கள், கவனமாக ஓடினீர்களா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. எல்லாரும் அந்த வேகத்தில்தான் போனார்கள், மீட்டர் பிழை, பலகையைக் காணவில்லை, பிள்ளையை எடுக்க அவசரம், இறக்கத்தில் கார் தானாக வேகம் பிடித்தது: இவை எல்லாம் விளக்கம் என்று நினைத்துச் சொல்லப்படும் ஒப்புதல்கள்.

தோற்றால்

அபராதம் கட்ட நேரம் கேளுங்கள். வருமானத்தைச் சொல்லிக் கூடுதல் மாதங்கள் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். மேன்முறையீட்டுக்கு 30 நாள், அதற்குமுன் அபராதத்தைக் கட்ட வேண்டும், அல்லது கட்டாமல் தொடர நீதிபதியிடம் அனுமதி பெற வேண்டும். அறிவித்தல் வராமலோ உங்கள் தவறல்லாத காரணத்தாலோ திகதி தவறிக் குற்றவாளியாக்கப்பட்டிருந்தால் அதற்கு மேன்முறையீடு தேவையில்லை. தெரிய வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் நீதிமன்ற அலுவலகத்தில் சத்தியக்கடதாசி கொடுத்து வழக்கை மீளத் திறக்கக் கேளுங்கள். மருத்துவமனைக் கடிதம், விமானச் சீட்டு, வீடு மாறிய ஒப்பந்தம் போன்ற எது இருந்தாலும் கூடவே எடுத்துப் போங்கள்.